எட்டாவது பெயர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, அரங்கின் உடைமாற்றும் அறையில், ஸ்டான் கோவாச் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தன் வலது கை நகங்களுக்கு ஆரஞ்சு நிறப் பாலிஷ் பூசிக்கொண்டிருந்தான். ஆறடி இரண்டு அங்குல உயரம், நூறு கிலோ எடை, இரண்டு முழங்காலிலும் தையல் தழும்பு. அப்படிப்பட்ட ஆள் நாக்கைக் கடித்துக்கொண்டு சுண்டுவிரல் நகத்தின் மேல் பிரஷை இழுப்பதைப் பார்த்து அங்கே யாரும் ஆச்சரியப்படவில்லை. பேஸ்பாலில் மட்டையாளனுக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர்கள் வழக்கமாகச் செய்வதுதான். கேட்சர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தொடைகளுக்கு நடுவே வலது கையை மறைத்து வைத்து, அடுத்து என்ன பந்து என்று அதை வீசும் பிட்சருக்கு விரலால் சொல்வான். ஒரு விரல் என்றால் வேகப்பந்து. இரண்டு என்றால் வளைகிற பந்து. மூன்று என்றால் கடைசி நொடியில் தரையைப் பார்த்து முங்குகிற பந்து. மைதானத்தில் இருக்கும் முப்பதாயிரம் பேரில் அந்த ஒருவனுக்கு மட்டும்தான் அந்தக் கை தெரிய வேண்டும். பகல் ஆட்டத்தில் கூரையின் நிழல் மட்டையாளன் நிற்கும் ஹோம் பிளேட் மேல் விழுந்துவிட்டால் அவனுக்கும் தெரியாமல் போகும். அதற்காகத்தான் பாலிஷ். புட்டி அவன் மனைவி டெனீஸுடையது. பன்னிரண்டு வருடமாக மனைவியின் பாலிஷைத் திருடிப் பூசுகிறவன் என்று கோவாச்சுக்குக் கீழ் லீக் முழுக்கப் பெயர் உண்டு.

"பெருசு, அப்படியே கால் விரலுக்கும் போட்டுக்கோ. ஆட்டம் முடிஞ்சதும் டான்ஸுக்குப் போலாம்" என்றான் நெஸ்டர். அன்றைக்குப் பந்து வீசப்போகிறவன் அவன்தான். வெனிசுலாக்காரன், இருபத்தேழு வயது, வாய் ஓயாது.

"உன் கண்ணு ஒழுங்கா இருந்தா எனக்கு எதுக்குடா இந்த அலங்காரம்?"

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. வால்டிரிப் விரல் எனக்கு இருட்டுல கூடத் தெரியும்."

வால்டிரிப் அணியின் முதல் கேட்சர். நெஸ்டர் இந்த வருடம் வீசிய எல்லா ஆட்டத்திலும் பிடித்தது அவன்தான். அவனுடைய மனைவிக்கு நேற்று வலி எடுத்துவிட்டது என்று விமானம் ஏறிப் போய்விட்டான். இரண்டாவது கேட்சருக்குப் போன வாரமே தொடைத் தசை கிழிந்து, அவனுக்குப் பதிலாகத்தான் வியாழக்கிழமை கோவாச்சைக் கீழ் லீக்கிலிருந்து கூப்பிட்டார்கள். நாளைக்கு அயோவாவில் இருக்கும் கீழ் லீக் அணியிலிருந்து இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருவன் வருகிறான். அவன் மேல்தான் இந்தக் கிளப் எல்லாக் கனவையும் கட்டி வைத்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை வால்டிரிப்பும் திரும்பிவிடுவான். அதற்குப் பிறகு கோவாச்சுக்கு இங்கே இடமில்லை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவனுடைய அலமாரியில் பெயரைச் செதுக்காமல், வெள்ளை டேப் ஒட்டி அதன் மேல் பேனாவால் எழுதியிருந்தார்கள். அதைவிடத் தெளிவாக யார் சொல்லப் போகிறார்கள்?

மாற்று கேட்சர் என்பது விசித்திரமான உத்தியோகம். காலையில் முதல் ஆளாக வரவேண்டும். மைதான ஓரத்தில் பிட்சர்கள் ஒவ்வொருவராகக் கையைச் சூடேற்றும்போது மணிக்கணக்காகக் குந்தி உட்கார்ந்து எல்லாருடைய பந்தையும் பிடிக்கவேண்டும். தரையில் பட்டு எகிறும் பந்தை நெஞ்சில் வாங்கிக்கொள்ளவேண்டும். எவனுக்கு வீட்டில் சண்டை, எவனுக்குத் தோள்பட்டை வலி, எவன் பயத்தில் இருக்கிறான் என்று எல்லாம் தெரிந்து வைத்திருக்கவேண்டும். பிறகு ஆட்டம் தொடங்கியதும் போய் பெஞ்சில் உட்காரவேண்டும். ஒன்பதுக்கு ஒன்று என்று ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு, முதல் கேட்சரின் கால்களுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று பயிற்சியாளருக்குத் தோன்றினால், மொத்தம் ஒன்பது இன்னிங்ஸில் கடைசி இரண்டு விளையாடலாம். மேல் லீக்கில் கோவாச் நான்கு தடவை வந்து போனதில் மொத்தம் நாற்பத்தொரு ஆட்டம். முப்பத்தொன்பது அந்த மாதிரி.

மைதான ஓரத்தில் அணி உட்காரும் டக்கவுட்டின் சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருப்பார்கள். அன்றைக்கு ஆடும் ஒன்பது பேரின் பெயரும் மட்டை பிடிக்கும் வரிசையில் தடித்த கறுப்புப் பேனாவால் பெரிய எழுத்தில் அதில் இருக்கும். அந்தப் பேனா பக்கத்திலேயே நூலில் கட்டித் தொங்கும். ஒருவனை வெளியே எடுத்தால் அவன் பெயரின் குறுக்கே ஒரு கோடு விழும். அவனுக்குப் பதில் போகிறவனின் பெயரை ஓரத்தில் இடம் இருக்கிற அளவுக்குச் சின்னதாக எழுதுவார்கள். கோவாச்சின் பெயர் முப்பத்தொன்பது தடவை அப்படித்தான் ஓரத்தில் நுழைந்திருக்கிறது. இரண்டு தடவை பெரிய எழுத்தில் வந்தது. ஒன்றில் ஆறாவது இன்னிங்ஸில் இவனைவிட நன்றாக அடிக்கிறவன் வேண்டும் என்று கோடு போட்டுவிட்டார்கள். இன்னொன்றில் இரண்டாவது இன்னிங்ஸிலேயே மழை கொட்டி ஆட்டமே கணக்கில் இல்லாமல் போயிற்று. முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை முழுதாக ஓர் ஆட்டம். அவன் பெயர் பெரிய எழுத்தில், கோடு விழாமல். பதின்மூன்று வருடமாக அவனுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். கேட்டால் சிரிப்பார்கள் என்று டெனீஸைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

அன்று காலை அட்டையில் எட்டாவது பெயராக அவன் இருந்தான். பார்த்துவிட்டு நேரே போய் நடைவழியில் இருந்த தொலைபேசியில் டெனீஸைக் கூப்பிட்டான். அவள் ஓஹையோவில், ஒரு மருத்துவமனைச் சமையலறையில் ஞாயிறு வேலையில் இருந்தாள். பின்னால் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது.

"இன்னிக்கு நான்தான் ஆடுறேன்."

"பெரிய எழுத்துலயா, சின்ன எழுத்துலயா?"

"பெரிய எழுத்துல."

இந்த வருடத்தோடு போதும், அக்டோபரில் அவளுடைய அண்ணனின் கூரை போடும் தொழிலில் சேர்ந்துவிடுவது என்று இரண்டு பேரும் மார்ச்சிலேயே முடிவெடுத்திருந்தார்கள். இப்போது அதை இரண்டு பேருமே பேசவில்லை.

"ரேடியோவ சத்தமா வெச்சுக்குறேன். சூப் தீஞ்சாலும் பரவால்ல" என்றாள் டெனீஸ். "கோடு போட விடாத, ஸ்டான்."

ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. முதல் மூன்று இன்னிங்ஸ் வெண்ணெய் மாதிரிப் போயிற்று. நெஸ்டர் முதலில் இரண்டு தடவை விரலைப் பார்த்துவிட்டுத் தலையாட்டி மறுத்தான். பிறகு மறுப்பதை நிறுத்திவிட்டான். கோவாச் கேட்டது எல்லாம் வந்தது. முங்கு பந்துக்கு எதிரணி மட்டைகள் காற்றைத்தான் வெட்டின. இரண்டாவது இன்னிங்ஸில் மட்டை பிடித்து உயரே அடித்துப் பிடி கொடுத்தான் கோவாச். அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அடிப்பதற்காக அவனை எவனும் இத்தனை வருடம் வைத்திருக்கவில்லை.

நாலாவது இன்னிங்ஸில் அந்த முட்டாள்தனத்தைச் செய்தான். பந்தை அடித்தவன் ஓடிப்போய்த் தொட வேண்டிய முதல் பேஸில் எதிரணி ஆள் ஒருவன் நின்றான், நல்ல ஓட்டக்காரன். கேட்சரின் வெறுங்கை பந்து வரும்போது எப்போதும் முதுகுக்குப் பின்னால், அல்லது கணுக்காலுக்குப் பின்னால் மடங்கி இருக்கவேண்டும். அது பாலபாடம். ஆனால் ஓட்டக்காரன் திருட்டுத்தனமாக அடுத்த பேஸுக்கு ஓடினால், பிடித்த வேகத்தில் எறிய வேண்டுமே என்று கை தானாகவே கையுறைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கீழ் லீக்கில் நூறு இளம் கேட்சர்களை இதற்காகத் திட்டியிருக்கிறான் கோவாச். இன்று அவனுக்கே, அந்த ஓட்டக்காரனை எறிந்து வீழ்த்தி, முப்பதாயிரம் பேருக்கு முன்னால் ஒரு தடவையாவது தன் தோளின் பலத்தைக் காட்டிவிட வேண்டும் என்று இருந்தது. மட்டையின் விளிம்பை உரசி வந்த வேகப்பந்து நேராக அந்த வெறுங்கையில் மோதியது.

முதலில் வலியே இல்லை. மரக்கிளை முறிகிற சத்தம் மட்டும் கேட்டது. முகக்கவசத்துக்குள் அவன் முனகியது காற்றில் போயிற்று. அம்பயர் புதுப் பந்தை எடுத்துக் கொடுத்தார். கோவாச் அதைக் கையுறையில் வாங்கி, கையுறையாலேயே தட்டிவிட்டு நெஸ்டருக்கு அனுப்பினான். குந்தி உட்கார்ந்து கையைத் தொடைகளுக்கு நடுவே இறக்கி, குனிந்து பார்த்தான். ஆள்காட்டி விரல் நடு மூட்டிலிருந்து பக்கவாட்டில் திரும்பியிருந்தது. ஆரஞ்சு நகம் வேறு யாரையோ பார்த்தது.

வெளியே சொன்னால் கதை முடிந்தது. சிகிச்சையாளர் ஓடி வருவார், அட்டையில் கோடு விழும். அவன் அந்த விரலை அப்படியே காட்டினான். பிட்சர் நின்று வீசும் மேட்டில் நெஸ்டர் கழுத்தை நீட்டிப் பார்த்தான். மறுபடி பார்த்தான். பிறகு கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தி, அவனை மேட்டுக்கு வரச் சொன்னான்.

இருவரும் கையுறையால் வாயை மறைத்துக்கொண்டார்கள். உதட்டைப் படித்துவிடுவார்கள் என்று எல்லாரும் செய்வதுதான்.

"பெருசு, நீ காட்டுற விரல் என்னைக் காட்டல. முதல் பேஸ்ல நிக்கிறவனுக்கு வழி காட்டுது."

"வேகப்பந்துன்னு அர்த்தம்."

"ஒடஞ்சிருச்சா?"

"லேசா வளஞ்சிருக்கு."

"லேசா! தூண்டில் முள்ளா மாட்டி மீன் பிடிக்கலாம் அத. யோவ், நான் டாக்டரைக் கூப்பிடுறேன்."

"கூப்பிடு. டட்டில் வந்து உனக்குப் பிடிப்பான்."

நெஸ்டர் டக்கவுட்டைத் திரும்பிப் பார்த்தான். டட்டில் அங்கே சூரியகாந்தி விதையை மென்று துப்பிக்கொண்டிருந்தான். எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் ஆடுகிறவன். பள்ளிக்கூடத்தில் கேட்சராக இருந்தேன் என்று ஒரு தடவை வாய் தவறிச் சொன்னதால், கேட்சர்கள் தீர்ந்துபோனால் அவன் என்று எழுதி வைத்திருந்தார்கள்.

"அவன் என் முங்கு பந்துக்குக் கண்ண மூடிக்குவான்."

"அதான் சொல்றேன். கட்டை விரல் காட்டினா வேகம். முஷ்டி மூடினா வளைவு. சுண்டுவிரல்னா முங்கு. புரிஞ்சுதா?"

"இவன் ஓடினா எப்படி எறிவ?"

"யாரையும் பேஸ்ல ஏத்தாத. அப்ப எறிய வேண்டியிருக்காது."

நெஸ்டர் அவனுடைய தாய்மொழியில் ஏதோ சொன்னான். நல்ல வார்த்தையாக இருந்திருக்க முடியாது. ஆனால் போய் மேட்டில் ஏறினான்.

அதற்குப் பிறகு நடந்ததை மேலே உட்கார்ந்து பார்த்தவர்களுக்குப் பிட்சருக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தோன்றியிருக்கும். ஒவ்வொரு பந்துக்கும் பிறகு நெஸ்டர் மேட்டிலிருந்து இறங்கி, தன்னைத்தானே திட்டிக்கொண்டு, பாதி தூரம் நடந்து வந்தான். கோவாச் கட்டை விரலுக்கும் மிச்ச மூன்று விரலுக்கும் நடுவே பந்தை வைத்து, கோழிக்குத் தீனி போடுகிறவன் மாதிரி அவன் பக்கம் போட்டான். நல்லவேளை, அந்த இன்னிங்ஸிலும் அடுத்ததிலும் பேஸில் ஏறியவர்கள் எவரும் ஓடவில்லை. தங்கள் அணி மட்டை பிடிக்கும் நேரத்தில் கோவாச் டக்கவுட்டின் கடைசி மூலையில், பனிக்கட்டி நிரப்பிய காகிதக் கோப்பைக்குள் விரலைவிட்டு, மேலே துண்டைப் போட்டு உட்கார்ந்தான். ஐந்தாவது இன்னிங்ஸில் அவன் முறை வந்தபோது ஒன்பது விரலால் மட்டையைப் பிடித்து, அடிக்காமல் விட்டால் அவுட் ஆகிவிடும் மூன்று ஸ்ட்ரைக்கையும் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினான். பந்து மட்டையில் படாமல் இருக்கவேண்டும் என்று ஒரு மட்டையாளன் வேண்டிக்கொண்டது அந்த அரங்கில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

வலியை அவன் சமாளித்துவிட்டான். வேறொன்றைத்தான் சமாளிக்க முடியவில்லை. லோமாக்ஸின் முகம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அயோவாவில் இரண்டு வருடம் ஒரே வீட்டில் கோவாச்சுடன் தங்கியிருந்த பிட்சர் அவன். மேல் லீக் அவனைக் கூப்பிடப் போகிறது என்று செய்தி வந்த வாரத்தில் அவனுடைய முழங்கை வலிக்க ஆரம்பித்தது. பந்தைப் பிடிக்கிறவனுக்கு அது தெரியாமல் இருக்காது. "இன்னும் ரெண்டே ரெண்டு நாள் வாயை மூடிட்டு இருடா" என்று லோமாக்ஸ் கெஞ்சினான். ஆனால் பயிற்சியாளர் கேட்டபோது கோவாச் உள்ளதைச் சொன்னான். கேட்சர் சொல்வதை நம்பித்தான் ஒரு பயிற்சியாளர் முடிவெடுக்கிறார். அதில் பொய் கலந்தால் அப்புறம் கேட்சர் எதற்கு? லோமாக்ஸ் அறுவை சிகிச்சைக்குப் போனான், திரும்பி வரவேயில்லை. பெட்டியைக் கட்டும்போது, "உனக்கும் ஒரு நாள் வரும். அன்னிக்கு உன்னைப் பத்தி நீ சொல்றியான்னு பாக்குறேன்" என்று மட்டும் சொன்னான். கோப்பைக்குள் கரைந்த தண்ணீரில் தன் விரல் கறுத்து வீங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த கோவாச்சுக்கு வெட்கமாக இருந்தது. கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டு முகக்கவசத்தை மாட்டினான். இன்னும் ஒரே ஒரு இன்னிங்ஸ் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். ஆறாவதிலும் அப்படித்தான் சொன்னான், ஏழாவதிலும் அப்படித்தான்.

எட்டாவது இன்னிங்ஸில் இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தார்கள். ஒருவன் அவுட், ஒருவன் முதல் பேஸில். தலைமைப் பயிற்சியாளர் ஹார்கின்ஸ் டக்கவுட் படியேறி மேட்டை நோக்கி நடந்து வந்தார். அவரை எல்லாரும் ஸ்கிப் என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபது வயது, இடுப்பு சரியில்லை, ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசினால் காசு போய்விடும் என்கிற மாதிரிப் பேசுகிறவர். நெஸ்டரைப் பார்க்கவே இல்லை. பிட்சர்கள் எப்போதும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வார்கள். கோவாச்சைப் பார்த்தார்.

"இவன்கிட்ட இன்னும் என்ன இருக்கு?"

"வளைவு போயிருச்சு, ஸ்கிப். வேகம் இருக்கு. முங்கு காலைல இருந்ததவிட நல்லா முங்குது. முடிச்சுடுவான்."

"சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். இரண்டு அடி நடந்துவிட்டார். நெஸ்டர் மூச்சை விட்டான்.

"ஸ்கிப், இன்னொண்ணு" என்றான் கோவாச். வலது கையைத் தன் நெஞ்சுக் கவசத்துக்கு முன்னால், மற்றவர்களுக்குத் தெரியாதபடி, விரித்துக் காட்டினான்.

"முட்டாள்" என்றான் நெஸ்டர், வானத்தைப் பார்த்து.

ஸ்கிப் அந்த விரலை ரொம்ப நேரம் பார்த்தார். "எப்போ?"

"நாலாவதுல."

"நாலு இன்னிங்ஸா என்னை ஏமாத்திருக்க."

"ஆமா ஸ்கிப். சொல்லியிருக்கணும். சொல்லல. எனக்கு இந்த ஆட்டம் முழுசா வேணும்னு இருந்துச்சு." அதைச் சொல்லிவிட்ட பிறகு அவனுக்குப் பயம் போய்விட்டது. "இப்பவும் வேணும். என்னால எறிய முடியாது. ஆனா ஒரு பந்து கூட என்னைத் தாண்டிப் போகாது. டட்டிலைத் தாண்டிப் போகும்."

"எறிஞ்சே ஆகணும்னு வந்தா?"

"கையோட கொண்டுபோய்க் குடுக்குறேன்."

ஸ்கிப்பின் வாயோரம் அசைந்தது. சிரிப்பா, பல்வலியா என்று சொல்ல முடியவில்லை. இதற்குள் அம்பயர் பொறுமையிழந்து மேட்டுக்கே வந்துவிட்டார். "என்னய்யா, நிச்சயதார்த்தம் பேசி முடிச்சாச்சா? ஜனம் காத்திருக்கு."

"அடுத்த தடவை நாலாவது இன்னிங்ஸ்லயே சொல்லு" என்றார் ஸ்கிப்.

"எனக்கு அடுத்த தடவைன்னு ஒண்ணு கிடையாது, ஸ்கிப்."

அவர் திரும்பி டக்கவுட்டுக்குப் போய்விட்டார். கோவாச் தன் இடத்துக்கு வந்து குந்தினான். முகக்கவசத்தின் கம்பிகளுக்கு நடுவே டக்கவுட் தெரிந்தது. ஸ்கிப் அட்டைக்கு முன்னால் நின்றார். தொங்கிக்கொண்டிருந்த பேனாவைக் கையில் எடுத்தார். டட்டில் விதையைத் துப்பிவிட்டு எழுந்து நின்றான், முகம் வெளிறியிருந்தது. ஸ்கிப் பேனாவை அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, விட்டார். அது நூலில் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை கோவாச் காத்திருக்கவில்லை. கட்டை விரலைக் காட்டினான். நெஸ்டர் போட்ட வேகப்பந்து தரையோடு அடிபட்டுப் போய், ஒரே வீச்சில் இரண்டு பேர் அவுட் ஆனார்கள்; மூன்று அவுட்டோடு இன்னிங்ஸ் முடிந்தது.

ஒன்பதாவது இன்னிங்ஸில் முதல் ஆள் உயரே அடித்து அவுட். இரண்டாமவன் அடித்துவிட்டு முதல் பேஸ் போய்ச் சேர்ந்தான். முதல் பேஸ் ஓரத்தில் நிற்கும் எதிரணிப் பயிற்சியாளர் அவன் காதில் ஏதோ சொன்னார். அந்தாளுக்கும் கண் இருக்கிறதே. ஐந்து இன்னிங்ஸாகப் பிட்சர் நடந்து வந்து பந்து வாங்குவதை எத்தனை நேரம்தான் கிறுக்கு என்று நினைப்பார்? அடுத்த பந்துக்கே அவன் ஓடினான். கோவாச் பந்தைப் பிடித்து, எழுந்து, கையுறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். எறிவதுபோல் பாசாங்குகூடச் செய்யவில்லை. ஓட்டக்காரன் குனியாமல், வழுக்காமல், கடைத்தெருவுக்குப் போகிறவன் மாதிரி இரண்டாவது பேஸில் போய் நின்றான். ஜனம் ஊளையிட்டது. "எறிடா தடியா!" என்று ஒரு பெண் குரல் தனியாகக் கேட்டது. அடுத்தவன் மூன்று ஸ்ட்ரைக்கில் போனான். இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவன்.

வந்தவன் பிரிக்ஸ். மலை மாதிரி ஆள், எதிரணியில் அதிகம் அடிப்பவன். இரண்டு பந்தைக் கோட்டுக்கு வெளியே அடித்ததில் இரண்டு ஸ்ட்ரைக் ஆயிற்று, மூன்றாவது விழுந்தால் அவுட். கோவாச் சுண்டுவிரலைக் காட்டினான். நெஸ்டர் தலையாட்டி மறுத்தான். காரணம் கோவாச்சுக்குத் தெரியும். முங்கு பந்து தரையில் குத்தும். மூன்றாவது ஸ்ட்ரைக்கை கேட்சர் நேராகப் பிடிக்காமல் அது தரையில் பட்டுவிட்டால் மட்டையாளன் இன்னும் அவுட் ஆகவில்லை. அவன் முதல் பேஸுக்கு ஓடலாம். பந்தை அங்கே எறிந்தாகவேண்டும், அல்லது பந்தோடு அவனைத் தொடவேண்டும். எறியக் கையில்லாத ஒருவனிடம் அந்தப் பந்தைப் போட எந்த பிட்சர் துணிவான்? ஆனால் பிரிக்ஸ் வேகப்பந்துக்காகத் துடித்துக்கொண்டு நிற்கிறான். அவனுடைய முன்னங்காலைப் பார்த்தாலே தெரிகிறது. கோவாச் மறுபடி சுண்டுவிரலைக் காட்டினான். நெஸ்டர் மறுபடி மறுத்தான். கோவாச் மூன்றாவது தடவை காட்டி, இடது கையுறையால் தன் நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டினான். இங்கே போடு, நான் இருக்கிறேன்.

நெஸ்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போட்டான்.

பந்து இடுப்பு உயரத்தில் வந்து, பிளேட்டுக்கு முன்னால் கீழே விழுந்தது. பிரிக்ஸ் முழு உடம்பையும் சுழற்றிக் காற்றை அடித்தான். கோவாச் பந்தைப் பிடிக்கவே முயலவில்லை. இரண்டு முழங்காலையும் மண்ணில் இறக்கி, தாடையை நெஞ்சில் புதைத்து, உடம்பால் சுவர் வைத்தான். தரையில் குத்திய பந்து அவன் கழுத்தெலும்புக்குக் கீழே இடித்து, முதல் பேஸ் பக்கமாக நாலு அடி உருண்டது. தாண்டிப் போகவில்லை.

பிரிக்ஸ் ஆட்டம் முடிந்ததென்று மட்டையைக் கீழே போட்டுவிட்டு நின்றான். "ஓடு, ஓடு!" என்று அவனுடைய டக்கவுட் முழுக்கக் கத்தியது. அந்த ஒரு நொடியில் கோவாச் முகக்கவசத்தைக் கழற்றி வீசிவிட்டு, உடைந்த கையின் உள்ளங்கையால் பந்தைத் தள்ளிக் கையுறைக்குள் ஏற்றிவிட்டான். கண்ணில் பூச்சி பறந்தது. பிரிக்ஸ் ஓட ஆரம்பித்திருந்தான்.

"எறி!" முதல் பேஸில் நின்றவன் காலைப் பேஸில் வைத்து, கையுறையை நீட்டிக்கொண்டு கத்தினான். "எறி, எறி!" மேட்டில் நெஸ்டர் மட்டும் வேறு மாதிரிக் கத்தினான். "ஓடு, பெருசு!"

கோவாச் ஓடினான். பதின்மூன்று வருடமாகக் குந்தியே தேய்ந்த முழங்கால்கள், நெஞ்சிலும் காலிலும் கவசங்கள் கடகடக்க, ஒரு கேட்சர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முதல் பேஸ் கோட்டோடு மட்டையாளனைத் துரத்துவதை முப்பதாயிரம் பேர் பார்த்தார்கள். சிரித்தவர்களும் உண்டு. முன்னால் பிரிக்ஸின் அகன்ற முதுகு, எண் முப்பத்தெட்டு, போய்க்கொண்டிருந்தது. அவனும் ஒன்றும் குதிரையில்லை. ஆறடி தூரம் நாலடியாயிற்று. பேஸுக்கு இன்னும் மூன்று தப்படி இருக்கும்போது கோவாச் முன்னால் பாய்ந்து விழுந்தான். கையுறையின் நுனி முதுகில் இருந்த மூன்றுக்கும் எட்டுக்கும் நடுவே பட்டது. தரையில் மோதும்போது பந்து நழுவாமலிருக்க, உடைந்த கையை அதன் மேல் வைத்து அமுக்கினான். அப்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாக அலறினான்.

அம்பயர் மூச்சுவாங்க ஓடி வந்து குனிந்து பார்த்தார். கையுறையைத் திறந்து காட்டினான். பந்து இருந்தது. அவருடைய முஷ்டி மேலே போயிற்று.

மற்றதெல்லாம் எப்போதும் நடப்பதுதான். எல்லாரும் மேலே விழுந்தார்கள், நெஸ்டர் அவன் தலையைப் பிடித்து முத்தமிட்டு, கொச்சையாக நாலு வார்த்தை திட்டினான். சிகிச்சையாளர் கையைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். எக்ஸ்ரே எடுக்க வண்டி தயாராக இருக்கிறது, உடனே புறப்படு என்றார். எட்டு வாரம், பத்து வாரம் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதாவது அக்டோபர். கூரையில் ஏறி ஆணி அடிக்கவும் இந்தக் கைதான் வேண்டும் என்று கோவாச் நினைத்துக்கொண்டான். அரங்கம் காலியாக ஆரம்பித்தது. ஸ்கிப் அவனைக் கடந்து நடைவழிக்குப் போகும்போது நிற்கவில்லை. அவன் தோளில் மட்டும் கனமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

"கோவாச், வா, வண்டி நிக்குது."

"ஒரு நிமிஷம்."

டக்கவுட்டில் ஆளில்லை. தரை முழுக்க விதைத் தோலும் காகிதக் கோப்பைகளும். அட்டை சுவரில் இருந்தது. ஒன்பது பெயர். நாலு பெயரின் மேல் கோடு, அவற்றின் ஓரத்தில் சின்ன எழுத்தில் வேறு நாலு பேர். எட்டாவது பெயர் தனியாக இருந்தது. அதன் முதல் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி, பேனாவின் முனை வந்து தொட்டுவிட்டுப் போன இடம்.

வலது கையைத் துண்டில் சுற்றியிருந்தார்கள். கையுறையைக் கழற்றி பெஞ்சில் வைத்துவிட்டு, இடது கைக் கட்டை விரல் நகத்தால் அட்டையை ஒட்டியிருந்த டேப்பைச் சுரண்டினான். பழக்கமில்லாத கை. இரண்டு தடவை வழுக்கியது. அவசரப்படாமல் மறுபடி சுரண்டினான். ஒரு மூலை வந்தது, இரண்டாவது வந்தது, மூன்றாவதும் வந்தது. நாலாவது டேப் சுவரின் பச்சை வர்ணத்தையும் ஒரு விரல் அகலம் உரித்துக்கொண்டு வந்தது. அட்டையை மடிக்கவில்லை. கையுறையைத் திருப்பிப் போட்டு அதற்குள் சாய்த்து வைத்து எடுத்துக்கொண்டு, நடைவழியின் படிகளில், முழங்கால்கள் நெட்டி முறிய, ஒவ்வொரு படியாக ஏறினான்.